டி-டைமர் ஒழுக்கத்துக்கான மதிப்பெண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நல்ல பழக்கவழக்கங்கள் ரத்த உறைவைக் குறைக்கும் என்ற கட்டுரை தங்கள் நாளிதழில் வந்த மறுநாள் காலையிலேயே, டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்று ஐந்து பேர் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் காத்திருந்தார்கள். எவரிடமும் மருத்துவரின் சீட்டு இல்லை. 26 ஆண்டுகளாக ரத்தம் எடுத்துவரும் எனக்கு அது வருத்தமாக இருந்தது.

டி-டைமர் என்பது உடலுக்குள் உறைந்த ரத்தம் கரையும்போது சிதறும் துணுக்கு. காய்ச்சல், கர்ப்பம், அறுவை சிகிச்சை, முதுமை என எதிலும் அது உயரும். அளவு குறைவாக இருந்தால் ரத்தக்கட்டி இல்லை என்று சொல்ல மருத்துவருக்கு உதவும். கூடுதலாக இருப்பதால் மட்டும் ரத்தக்கட்டி இருக்கிறது என்று ஆகிவிடாது. அன்று வந்த ஐவரில் ஒருவர் நெடுந்தூரம் ஓடிவிட்டு, சட்டை நனைய அப்படியே வந்து கையை நீட்டினார். கடும் ஓட்டமே உறைதல் அளவுகளைச் சில மணி நேரம் உயர்த்திவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

பழக்கவழக்கங்களுக்கும் உறைதலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. புகைபிடிப்பவர்களிடம் இது கூடுதலாக இருக்கும். விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும். வயிற்றுக் கொழுப்பு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் வேலையைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற பொருளைச் சுரக்கிறது. எடை குறைந்தால் அதுவும் குறைகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ரத்தத் தேக்கத்தின் ஆபத்தை ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ 1856-லேயே எழுதிவிட்டார். நாமோ எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

இந்த நன்மைகளைப் பெறப் பரிசோதனைக்காக ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. சிகரெட்டை விட்டவர் விட்ட நாளிலிருந்தே பயனடைகிறார், அறிக்கையில் எந்த எண் வந்தாலும் சரி.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்: ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ பரிசோதனைக்கூடத்தில் வரிசையில் நிற்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவர்