மேடுகள் இருக்கட்டும், வடிகாலை முடிக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய நில அனுமதி அதிகாரிகளுக்கு,

வணக்கம். சொந்த நிலத்தில் மோட்டோகிராஸ் தடம், அதாவது மோட்டார் சைக்கிள்கள் மண் மேடுகளில் ஏறித் தாவி ஓடும் பந்தயத் தடம், அமைக்கும் வேலையை உடனடியாக நிறுத்தும்படி நீங்கள் அனுப்பிய உத்தரவு கிடைத்தது. நிறுத்திவிட்டோம். விண்ணப்பம், வரைபடம், பக்கத்து நிலத்துக்காரர்களின் புகார் எல்லாம் உங்கள் கோப்பில் இருப்பதால் பழைய கதைக்குள் போகவில்லை. தடத்துக்கு அனுமதி தருவதா வேண்டாமா என்பதை நிதானமாகவே முடிவு செய்யுங்கள். இப்போது கேட்பது ஒன்றுதான்: வடிகால் வேலையை மட்டும் முடிக்க விடுங்கள்.

உத்தரவு வந்த நேரம் அப்படி. மேடுகள் எழும்பிவிட்டன, தண்ணீர் போக வழி இன்னும் வெட்டவில்லை. 1,500 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்றால் தடம் மட்டுமே 12,000 சதுர மீட்டர். ஒரே மழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அதன் மேல் விழுவது 6 லட்சம் லிட்டர். மேற்குச் சரிவிலிருந்து இறங்கி வரும் வெள்ளம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இரண்டு மேடுகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு மேட்டின் இறங்குமுகத்தில் வழியும் நீரும் அடுத்த மேட்டின் ஏறுமுகத்தில் வழியும் நீரும் நடுப்பள்ளத்தில் சேர்ந்து நிற்கும். அது மேலே இருந்து மேட்டைக் கரைப்பதைவிட, கீழே அடிமண்ணில் ஊறிச் செய்யும் கேடுதான் பெரிது. அடி இளகினால் மேடு ஒரு துண்டாகச் சரியும். மேல் விளிம்பில் முதலில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு விழும். மழை நின்ற பிறகு பார்த்தால் அதில் முழங்கை வரை கையை விடலாம். அரித்து வந்த மண் வேலியோடு நின்றுவிடாது, கீழே பக்கத்து நிலத்து நாற்றின் மேல் வண்டலாகப் படியும். புகார் கொடுத்தவர்கள் எதற்கு அஞ்சினார்களோ, அதை இந்த உத்தரவே நடத்திக் காட்டப்போகிறது.

வடிகாலை முதலிலேயே வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சரிவிலிருந்து வரும் வெள்ளத்தைத் திருப்பிவிடும் மேல்பக்கத் தடுப்பு வாய்க்காலை முதலில் வெட்டியிருக்க வேண்டும், அது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தடத்துக்கு அடியில் போகும் குழாய்களை முன்கூட்டியே பதிக்க முடியாது. மேலே அரை மீட்டராவது மண் மூடாத குழாய் மீது டோசர் ஏறினால் நொறுங்கும். தாழ்ந்த இடம் எது என்பதும் மேடு உருவம் பிடித்த பிறகுதான் சரியாகத் தெரியும்.

தார்ப்பாய் போர்த்தச் சொன்னார் உங்கள் அலுவலர் ஒருவர். நல்ல எண்ணம்தான். தார்ப்பாய் மேட்டின் முகத்தைக் காக்கும், தண்ணீரை இன்னும் வேகமாக நடுப்பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டும். மேடுகளையே கலைத்துச் சமப்படுத்துவது அதைவிட மோசம். 20 முதல் 30 சென்டிமீட்டர் அடுக்குகளாக, பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில் உருளை ஓட்டி இறுக்கிய மண் அது. கலைத்தால் நிலம் முழுவதும் பொலபொலவென்று கிடக்கும், முதல் மழையே வாரிக்கொண்டு போகும்.

"அனுமதியின்றி மண் எடுப்பு" என்றும் உத்தரவில் இருக்கிறது. 2 மீட்டர் உயரத்தில், உச்சி மேசை போலத் தட்டையாக இருக்கும் ஒரு டேபிள்டாப் மேடு: உச்சியில் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், அடியில் 18 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம். இறுக்கிய அளவில் சுமார் 220 கன மீட்டர். வெட்டி அள்ளும்போது மண் கால் பங்கு உப்புவதால், 10 கன மீட்டர் டிப்பரில் 27 நடைக்கு மேல் வரும். அத்தனையும் அதே நிலத்தில் வெட்டி அதே நிலத்தில் போட்டது. ஒரு நடைகூட வாசலைத் தாண்டவில்லை. வெளியே போகாத மண்ணை எடுத்தது யார்?

குற்றம் முழுவதும் உங்கள் மேல் இல்லை, படிவத்தின் மேலும் இருக்கிறது. "விளையாட்டுத் திடல்" என்று குறித்தால் தரை சமமாக இருக்க வேண்டுமாம். "மண் எடுப்பு" என்று குறித்தால் மண் வெளியே போக வேண்டுமாம். மேடும் பள்ளமுமாக இருந்துகொண்டு மண்ணையும் வெளியே விடாத நிலத்துக்குக் கட்டமே இல்லை. இல்லாத கட்டத்தில் குறியிடவில்லை என்பதற்காக விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை "இதர" என்று எழுதிக் கொடுத்தோம். "இதர என்றால் என்ன?" என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. போகட்டும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். ஆகவே வண்டிகள் வரிசையாக நின்று புறப்படும் ஸ்டார்ட் கேட்டை வீடுகளுக்கு எதிர்ப்பக்க எல்லையில் வைத்திருக்கிறோம், வரைபடத்தைப் பாருங்கள். சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சு எரிந்துபோன வண்டிதான் ஊரைக் கூட்டும். அதை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். புழுதிக்கு மருந்து தண்ணீர். முதல் நாள் மாலையே மேல்மண்ணை 10 சென்டிமீட்டர் கிளறிவிட்டு நனைக்க வேண்டும். தடம் முழுவதும் 2 மில்லிமீட்டர் நனைய 24,000 லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீரைத் தேக்கத்தான் வரைபடத்தின் தாழ்ந்த மூலையில் வண்டல் குட்டை காட்டியிருக்கிறோம். வடிகாலை நிறுத்தினீர்கள், குட்டையும் நின்றது. புழுதிக்கு மட்டும் தனியாக இன்னொரு நோட்டீஸ் வந்திருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம். வேண்டுவது இவ்வளவுதான்: மேல் எல்லையில் 400 மீட்டருக்குத் தடுப்பு வாய்க்கால், நடுப்பள்ளங்களில் 30 சென்டிமீட்டர் விட்டத்தில் ஆறு குழாய்கள், நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாத வாட்டத்தில், ஒவ்வொரு குழாய் வாயிலும் நீரின் வேகத்தைத் தணிக்கக் கல் பரப்பு, கீழ் மூலையில் வண்டல் குட்டை. ஒரு பொக்லைன், பத்து நாள் வேலை. அந்தப் பத்து நாளில் எந்த மேடும் ஒரு அங்குலம்கூட உயராது, எந்த வண்டியும் ஓடாது. வேண்டுமானால் மேடுகளின் உயரத்தை இப்போதே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாளை தடமே கூடாது என்று தீர்ப்பானாலும் இந்த வடிகால் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் பயன்படும்.

தயவுசெய்து வடிகாலுக்கு மட்டும் தனி அனுமதி கொடுங்கள். கோப்பை வைத்து முடிவெடுக்க முடியாவிட்டால், ஒருவரை நேரில் அனுப்புங்கள். வெயில் நாளில் வேண்டாம், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் வரட்டும். மூன்றாவது மேட்டுக்கும் நான்காவது மேட்டுக்கும் நடுவில் ஒரு குச்சியை ஊன்றி ஆழம் பார்த்தால் போதும். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நில உரிமையாளர்களும் தடம் அமைப்பவர்களும்