குதிகாலில் எடுத்த சில சொட்டு ரத்தத்துக்கு நன்றி

என் மகளின் குதிகாலில் ஊசி குத்திய செவிலியர் அக்காவுக்கும், பிறவிக் குறை ஏதும் உண்டா என்று அந்த ரத்தத்தைச் சோதித்த ஆய்வகத்தாருக்கும், மருந்தைக் கையில் கொடுத்த டாக்டருக்கும் இந்த மடல். போன வாரம் அவளுக்கு இரண்டு வயது முடிந்தது.

அக்கா, முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத பிள்ளை வீறிட்டு அழவும், "நல்லாத்தானே இருக்கா, இது எதுக்கு?" என்று உங்கள்மேல் எரிந்து விழுந்தேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. குதிகாலை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, ஓரமாகக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்து வந்ததை, ரத்தத்தை உறிஞ்சும் காகித அட்டையின் வட்டங்களில் ஊறவிட்டீர்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு சொட்டுதான், மேலே மேலே விட்டால் கணக்கு தப்பிவிடும் என்றீர்கள். அப்புறம் அட்டையை நிழலில், படுக்கைவாக்கில் காயவைத்தீர்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயாதா என்று கேட்டேன். "சூடு பட்டா நொதி செத்துப்போயிடும்மா" என்றீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சில நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆய்வக நண்பர்களே, பயோட்டினிடேஸ் என்ற பெயரையே உங்கள் தொலைபேசி அழைப்பில்தான் முதலில் கேட்டேன். பயோட்டின் என்ற வைட்டமினைப் புரதங்களிலிருந்து பிரித்து, உடம்பு மறுபடி பயன்படுத்தக் கொடுக்கும் நொதி அது. ஏறத்தாழ 60,000 குழந்தைகளில் ஒருவருக்கு இதில் குறை இருக்குமாம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், தோல் தடிக்கலாம், முடி கொட்டலாம், காது கேட்காமல் போகலாம். போன காது பெரும்பாலும் திரும்பாது.

அட்டையிலிருந்து 3 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றைத் துளைத்து எடுத்துச் சோதித்தீர்கள். நொதி வேலை செய்தால் ஊதா நிறம் வரும். என் மகளுடையதில் நிறமே வரவில்லை. சூட்டில் கெட்ட அட்டையும் அப்படித்தான் காட்டுமாம். அதனால் அதே உறையில் வந்த மற்ற அட்டைகளையும் பார்த்திருக்கிறீர்கள். அவற்றில் எல்லாம் நிறம் வந்திருந்தது. அதன் பிறகே எங்களைக் கூப்பிட்டீர்கள். எங்களை வீணாகப் பதறவைக்கக் கூடாது என்று நீங்கள் மெனக்கெட்டதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

உறுதி செய்ய எங்கள் மூவரின் ரத்தத்தையும் எடுத்தீர்கள். எனக்கும் என் கணவருக்கும் நொதியின் செயல்பாடு ஏறக்குறைய பாதி, அவளுக்குப் பத்து சதவீதத்துக்கும் கீழே. ஆளுக்கு ஒரு பழுதான மரபணு, இரண்டும் அவளிடம் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். யார் வழிக் குறை என்று வீட்டில் தொடங்கியிருந்த பேச்சு அன்றோடு நின்றது. அதற்காகவும் உங்களுக்கு ஒரு தனி நன்றி.

டாக்டர், முடிவு வரட்டும் என்று காத்திராமல், ரத்தம் எடுத்த கையோடு பயோட்டின் ஆரம்பித்தீர்கள். தினமும் 10 மில்லிகிராம், ஆயுள் முழுக்க. "பயப்படாதீங்க, இது வெறும் வைட்டமின்தான்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அன்று எனக்குச் சோறு இறங்கியது.

நேரில் பார்க்க முடியாத இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1960களில், பிறந்த குழந்தைகளைச் சோதிக்கக் காய்ந்த ரத்தப் பொட்டு ஒன்றே போதும் என்று காட்டிய ராபர்ட் கத்ரி. இந்த நொதிக் குறையைக் கண்டறிந்து, 1984இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைத் தொடங்கிய பாரி வுல்ஃப்.

என் மகளுக்கு இதுவரை ஒரு வலிப்புகூட வந்ததில்லை. வராமல் போன ஒன்றுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். காலையில் மருந்து டப்பாவைத் திறக்கும் சத்தம் அடுத்த அறையிலிருந்தே அவளுக்குக் கேட்டுவிடுகிறது. ஓடி வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

அன்புடன்,
அவளுடைய அம்மா