கேட்காமலே வந்து கார்புரேட்டரைத் திறந்தவருக்கு

ஐயா, இந்தப் பதிவு எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

என் பெட்ரோல் மாடல் விமானம் ஐடிலில், அதாவது குறைந்தபட்ச வேகத்தில், ஒழுங்காக ஓடும். த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றினால் திணறி நின்றுவிடும். ஆளாளுக்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகச் சொன்னார்கள். (பறக்கும் திடலில் அறிவுரைக்கா பஞ்சம்!) நீங்கள் தானாக வந்து முதலில் இக்னிஷனை அணைத்தீர்கள், அப்புறம்தான் புரொப்பல்லர் பக்கமே கை போனது. உடனே ஊசியைத் தொடவில்லை. கார்புரேட்டரின் பம்ப் மூடியைக் கழற்றி, உள்ளே பெட்ரோலை வடிகட்டும் குட்டி வலையைக் காட்டினீர்கள். முக்கால்வாசி அடைப்பு!

"பெட்ரோலே வராதப்போ ஊசி என்ன பண்ணும் தம்பி?"

வலையைக் கழுவி, பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் விறைத்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து மாட்டினீர்கள். இன்ஜின் சூடானதும் குறைந்த வேகத்துக்கான லோ ஊசியை 1/8 சுற்று திறந்தீர்கள், திணறல் போனது. பிறகு முழு வேகத்துக்கான ஹை ஊசி. வேகம் உச்சத்தைத் தொட்ட இடத்திலிருந்து கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் சற்றுக் கூடுதலாக, விட்டீர்கள். முழு த்ராட்டிலில் மூக்கை மேலே தூக்கிப் பிடித்து, சத்தம் தொய்யவில்லை என்று காதால் கேட்ட பிறகே தலையாட்டினீர்கள். அந்தப் பொறுமைக்குத்தான் பெரிய நன்றி.

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் குட்டி ஸ்க்ரூடிரைவர் என் பெட்டியில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.