பூனை ஓடட்டும்

அன்புள்ள முகிலனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். உன் மகள் யாழினி கணக்குச் செயலியில் நட்சத்திரம் சேர்ப்பதை விட்டுவிட்டு, ஸ்கிராட்ச்சில் (குழந்தைகள் கட்டளைகளை அடுக்கிப் படங்களை இயக்கும் மென்பொருளில்) பூனையை ஓட்டிப் பொழுதைப் போக்குகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டாய். தொலைபேசியில் பதில் சொன்னால் பாதியிலேயே ‘சரிம்மா’ என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் செயலி ஏழு பெருக்கல் எட்டு எவ்வளவு என்று கேட்கிறது, நான்கு விடைகளைக் காட்டுகிறது, சரியாகத் தொட்டால் நட்சத்திரம் தருகிறது. வாய்ப்பாடு மனத்தில் பதிய உதவும், இருக்கட்டும். ஆனால் அங்கே கேட்பது இயந்திரம். பூனையிடம் கட்டளையிடுவதோ குழந்தை.

பூனைக்கு மூத்தது லோகோ ஆமை. லோகோ என்ற கணினி மொழியில் நாம் சொல்கிறபடி திரையில் நகர்ந்து கோடு வரையும் ஆமை அது. குழந்தைகளுக்கான அந்தக் கணினி மொழியை 1967இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் உருவாக்கினார்கள். ஐந்தாம் வகுப்புக்கு அதைப் பல ஆண்டுகள் நடத்தியவள் நான். சதுரம் எளிது: 100 முன்னே போ, வலப்புறம் 90 பாகை திரும்பு, இதையே நான்கு முறை. முக்கோணத்தில்தான் வகுப்பு களைகட்டும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று தெரிந்த கெட்டிக்காரர்கள் 60 போடுவார்கள். கோடு மூடாமல் வாயைப் பிளந்து நிற்கும். பார்த்தால் அறுகோணத்தில் பாதி! ‘டீச்சர், ஆமை தப்பாகப் போகிறது’ என்பார்கள். விடை சொல்ல மாட்டேன். முற்றத்துக்கு அழைத்துப்போய், ஆமையாக நடந்து பார் என்பேன். மூலையில் நின்று உடம்பைத் திருப்பும்போது பிடிபட்டுவிடும்: திரும்ப வேண்டியது 60 அல்ல, 180இல் அது போக மீதி 120. ஒன்றிரண்டு பேர் அதற்குள் 3 முறையை 6 ஆக்கி, முழு அறுகோணத்தை வரைந்துவிட்டுக் குதிப்பார்கள்.

சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் தென்னிந்தியாவில் தமிழ் பேசும் கிராமம் ஒன்றில் கணினியை வைத்து, உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்திலேயே பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். தாங்களாகவே படித்து 30 சதவீத அளவுக்கு மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு, அந்தப் பாடமே தெரியாத ஓர் இளம்பெண் பின்னால் நின்று ‘அட, இதை எப்படிச் செய்தாய்?’ என்று கேட்டு வந்தாள். மதிப்பெண் ஏறத்தாழ 50ஐத் தொட்டது.

உன்னிடம் கேட்பதும் அவ்வளவுதான். அருகில் உட்கார், கேள். பூனை சுவரில் முட்டினால் மவுஸைப் பிடுங்கித் திருத்தாதே. உனக்குச் சிறுவயதிலிருந்தே அந்த அவசரம் உண்டு.

சின்னவனும் கேட்கிறானாமே? ஐந்து வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது, எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்தே செய்யலாம்.

பொங்கலுக்கு வரும்போது மடிக்கணினியை எடுத்து வா. ஸ்கிராட்ச்சை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். நம் வீட்டு இணைப்பை நம்பி வராதே.

அன்புடன்,
அம்மா