எடையோடு நின்றுவிடாதீர்கள்: கல்லீரல் கொழுப்பு குறித்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், தொற்றாநோய்த் திட்டங்களை வகுத்து நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்த எவரையும் எடை மெஷினில் மட்டும் ஏற்றி இறக்கி அனுப்பிவிடாதீர்கள், அவருடைய இடுப்புச் சுற்றளவையும் தசை வலிமையையும் அளந்து ஓ.பி. சீட்டில் எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். இதற்கு வேண்டியவை ஓர் இன்ச் டேப், ஒரு நாற்காலி, நொடி காட்டும் ஒரு கடிகாரம். இவ்வளவு சிறிய ஒன்றைத் திறந்த மடலாக எழுதிக் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை நகரவாசிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்விலேயே 32 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. நாடு முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கணக்கு அதை வயது வந்தோரில் 38.6 விழுக்காடு என்றது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு இந்நோயைத் தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் திருத்திய வழிகாட்டுதல்களும் வந்தன. 30 வயதைக் கடந்தோருக்காகத் தேசிய அளவில் வகுக்கப்பட்ட படிவத்தில் இடுப்பளவுக்கு ஒரு கட்டமே இருக்கிறது: பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் அதற்கு மதிப்பெண் ஏறும். ஆகவே இடுப்பளவின் முக்கியத்துவம் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் களப்பணியாளர் வீட்டு வாசலுக்கு வந்து எடுக்கும் அந்த அளவு மருத்துவரின் மேசைவரை வந்து, அதன்மேல் ஒரு முடிவு எடுக்கப்படுவதை நான் கண்டதில்லை. தசையைப் பற்றியோ அந்தப் படிவத்தில் தனியாக ஒரு கட்டம்கூடக் கிடையாது.

என் அம்மாவுக்கு 58 வயது. 152 செ.மீ. உயரம், 56 கிலோ எடை. பார்ப்பவர்கள் யாரும் அவரைப் பருமனானவர் என்று சொல்ல மாட்டார்கள். வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்தபோது, நாங்கள் சென்ற மருத்துவமனையில் எடை பார்த்தார்கள், ‘நான்கைந்து கிலோ குறையுங்கள்’ என்றார்கள், மங்கிப்போன நகல் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எண்ணெய், நெய், தேங்காய், முட்டை, இறைச்சி என்று தவிர்க்க வேண்டியவை வரிசையாக இருந்த அந்தத் தாளில், எதைச் சாப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. அம்மா சொன்ன சொல் தவறாதவர். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் ரசம் சோறு, இரவு கஞ்சி என்று சுருக்கிக்கொண்டார். வாரத்தில் இரண்டு முறை சாப்பிட்டுக்கொண்டிருந்த முட்டையும் மீனும் நின்றுபோயின. எடை குறைந்தது. அடுத்த முறை சென்றபோது சீட்டில் 52 கிலோ என்று எழுதி, ‘நல்ல முன்னேற்றம், இப்படியே தொடருங்கள்’ என்று பாராட்டினார்கள்.

அந்த நான்கு கிலோ உடம்பின் எந்த இடத்திலிருந்து போனது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அம்மாவின் ரவிக்கைக் கைகள் தொளதொளத்துப்போய் எல்லாவற்றையும் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பாவாடை நாடாவின் முடிச்சோ பழைய இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. 91 செ.மீ. இருந்த இடுப்பு 89 ஆகியிருந்தது, அவ்வளவுதான். கையும் தொடையும் கரைந்தன, வயிறு அப்படியே நின்றது. ஒரு நாள் பகலில் வீட்டில் தனியாக இருந்தவர், தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் கீரை நறுக்கிவிட்டு எழ முயன்றிருக்கிறார். முடியவில்லை. கையை ஊன்றியும் முடியவில்லை. ஜன்னல் கம்பியை எட்டிப் பிடிக்கலாம் என்று தரையிலேயே நகர்ந்து நகர்ந்து போய், அதைப் பிடித்தும் எழ முடியாமல், பக்கத்து வீட்டுப் பெண் வரும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து எழுந்து சமைத்த ஒரு பெண்மணிக்கு அது எத்தகைய அவமானமாக இருந்தது என்பதை, அன்று மாலை அவர் என்னிடம் பேச மறுத்ததிலிருந்து புரிந்துகொண்டேன். பிறகு செய்த ஸ்கேனில் கல்லீரல் மாறாமல் அதே ‘கிரேடு 1’ இல் இருந்தது. அந்தச் சீட்டின்படி அம்மா இன்றைக்கும் நன்றாக முன்னேறிவரும் ஒரு நோயாளி.

அதிகாரிகளே, எடை என்பது ஒற்றை எண். அது கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. கல்லீரல் கொழுப்பு நோயிலோ அந்தப் பிரிவினைதான் எல்லாமே. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலினின் துணையோடு இறக்கிவைக்கும் மிகப் பெரிய கிடங்கு நம் எலும்புத் தசைகள்தாம். அந்தக் கிடங்கு சுருங்கினாலோ, தசை இழைகளுக்கு இடையே கொழுப்பு புகுந்து அதன் தரம் கெட்டாலோ, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கணையம் இன்சுலினை மேலும் மேலும் சுரக்கிறது. மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், தோலுக்கு அடியில் இல்லாமல் குடலைச் சுற்றிப் படியும் வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருள்களும் வாயிற்சிரை என்ற இரத்தக் குழாய் வழியாக முதலில் போய்ச் சேரும் உறுப்பு கல்லீரல். உடற்பயிற்சியின்போது தசைகள் சுரக்கும் நன்மை தரும் பொருள்களும் தசை குன்றியவருக்குக் குறைந்துபோகின்றன. கல்லீரல் பழுதடையப் பழுதடைய, அழற்சியும் இன்சுலின் எதிர்ப்பும் கூடித் தசையை மேலும் அரிக்கின்றன. தசை இழப்பும் தொப்பையும் ஒருவரிடத்தில் சேர்ந்திருக்கும்போது இரு முனைகளிலிருந்தும் கல்லீரல் தாக்கப்படுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களில் வயிற்றுக் கொழுப்பு கூடுவதும் தசை குறைவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன என்பதால், என் அம்மாவைப் போன்றவர்கள்தாம் இந்த வலையில் எளிதில் சிக்குகிறார்கள்.

இது என் ஊகமன்று. தென் கொரியாவில் 2008 முதல் 2011 வரை நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், உடல் எடையோடு ஒப்பிடத் தசை குறைந்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு அதிகமாக இருப்பதையும், பருமனையும் இன்சுலின் எதிர்ப்பையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நிற்பதையும் காட்டினார்கள். நம் நாட்டில் இதைச் சொல்ல வெளியூர்ச் சான்றுகூடத் தேவையில்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், தம் பிரிட்டானிய நண்பர் மருத்துவர் யுட்கினோடு நின்று எடுத்துக்கொண்ட படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) இருவருக்கும் ஒன்றே, 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. மெலிந்த உருவத்துக்குள் கொழுப்பைச் சுமப்பது நம் உடல்வாகு என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர்கள் நம் மருத்துவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2023இல் வெளியான ‘இன்டியாப்’ (INDIAB) ஆய்வில், உடல் நிறைக் குறியீட்டின்படி பருமனானவர்கள் 28.6 விழுக்காடு, இடுப்பளவின்படி தொப்பை உள்ளவர்கள் 39.5 விழுக்காடு. இரண்டு எண்களுக்கும் நடுவே நிற்பவர்கள் எத்தனை கோடிப் பேர் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். எடை மெஷின் கண்டுகொள்ளாமல் விடுவது அவர்களைத்தான்.

மீண்டும் கேட்கிறேன்: எடையோடு நின்றுவிடாமல் இடுப்பையும் தசையையும் அளந்து எழுதுங்கள்.

அந்த நகல் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முட்டை, மீன், இறைச்சியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வேறெதையும் வைக்காத ஓர் உணவுத் தாள், தசை ஏற்கெனவே தேய்ந்துவரும் வயதில் இருப்பவருக்குத் தீங்கையே செய்கிறது. 2020இல் ஐ.சி.எம்.ஆர். நிறுவனமே வகுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். இட்லியும் ரசம் சோறும் கஞ்சியும் அதில் பாதியைக்கூட எட்டியிருக்காது. ஈரல் நோய் என்றால் புரதம் ஆகாது என்ற பழைய எண்ணம் இன்னும் பல இடங்களில் உலவுகிறது. கல்லீரல் சுருங்கிப்போன சிரோசிஸ் நோயாளிக்கே கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் கொடுக்கச் சொல்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். பழுதான கல்லீரல் கையாள முடியாத அம்மோனியாவின் ஒரு பகுதியைத் தசைகள்தாம் ஏற்றுக்கொண்டு சமாளிக்கின்றன. தசையை இழந்த சிரோசிஸ் நோயாளிக்கு மூளைக் குழப்பம் வரும் வாய்ப்பு கூடுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவை மருத்துவர் தனியே முடிவு செய்யட்டும். மற்றவர்களுக்கு ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டிப் பருப்பு, மோர், முடிந்தால் மீன் என்று தாளில் நான்கு வரி சேர்ப்பதில் என்ன தடை இருக்கிறது? குறைக்க வேண்டியவை வெள்ளைச் சோற்றின் அளவும், டீயில் கொட்டும் சர்க்கரையும், பாட்டில் பானங்களும், பேக்கரிப் பண்டங்களும் அல்லவா? அந்தத் தாளில் சர்க்கரை என்ற சொல்லே இல்லை.

தனியார் பரிசோதனைக் கூடங்களிலும் நிலைமை வேறில்லை. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பக்கம் பக்கமாக அறிக்கை தருகிறார்கள். அதில் இடுப்பளவு பெரும்பாலும் இருப்பதில்லை. ஈரலைச் சுத்தம் செய்யும் பொடிகள் என்று தொலைக்காட்சியில் விளம்பரம் வருகிறது. 2025 முதல் எடைக் குறைப்பு ஊசிகளும் நம் சந்தையில் கிடைக்கின்றன. தகுதியானவர்களுக்கு அவை பயன் தரலாம். ஆனால் வேகமாகக் குறையும் எடையில் தசையும் சேர்ந்தே போகும் என்பதை எடுத்துச் சொல்லி, கூடவே புரதத்தையும் பயிற்சியையும் வலியுறுத்த எத்தனை இடங்களில் ஆள் இருக்கிறார்கள்? ஏழை பட்டினி கிடந்து தசையை இழக்கிறார், வசதியுள்ளவர் பணம் கொடுத்து இழக்கிறார். இருவர் சீட்டிலும் எடை குறைந்திருப்பதால் இருவருக்கும் பாராட்டு கிடைக்கிறது. இதைக் கட்டுப்படுத்துவது தங்கள் துறையின் வேலையில்லையென்றால் யாருடைய வேலை என்று கோபத்தோடுதான் கேட்கிறேன்; மரியாதை குறைந்ததாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தங்கள் துறை செய்தவற்றை நான் மறக்கவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. அதே திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் வீடு தேடி வருகிறார்கள். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளை அறிவித்தீர்கள். நடை நல்லது, எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும் என்பது நிறுவப்பட்ட செய்தி. ஆனால் நடை மட்டுமே இழந்த தசையை மீட்டுத் தராது. தசைக்கு எதிர்விசை வேண்டும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது. தெரிந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவை இவைதாம். முதல் நாள் அவர் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த வரையறைப்படி 12 நொடிக்குள் முடிய வேண்டும். அம்மா மூன்றாவது முறையிலேயே நின்றுவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடிந்த ஒன்றை, அத்தனை மாதங்கள் எந்த ஓ.பி.யிலும் யாரும் தேடவில்லை.

ஆகவே என் வேண்டுகோளைத் தெளிவாகவே வைக்கிறேன். கல்லீரலில் கொழுப்பு என்று அறிந்த ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு வருகையிலும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் இடுப்பளவை எடுத்து, எடைக்குப் பக்கத்திலேயே எழுத ஆணையிடுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நாற்காலிச் சோதனையைச் சேருங்கள். வட்டார அளவிலாவது கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதே ஆசியக் குழு 2019இல் வகுத்த, ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்ற எல்லையை அதன்மேல் ஒட்டிவைத்தால் செவிலியரே படித்துச் சொல்லிவிடுவார். அளவில் குறைந்தவர்களை மக்களைத் தேடி மருத்துவத்தின் இயன்முறை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். கல்லீரலில் தழும்பு விழும் அபாயம் உண்டா என்று பார்க்க வயது, இரு ஈரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகிய நான்கை வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்கையும் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனை முடிவுகளே அதற்குப் போதும். அந்த உணவுத் தாளைத் திரும்பப் பெற்று, எதைச் சாப்பிடலாம் என்று சொல்லும் தாளை அச்சிடுங்கள்.

இவை அனைத்தையும் உடனே செய்ய இயலாதென்றால், இதை மட்டுமாவது செய்யுங்கள்: எடை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இடுப்புக்கும் தசைக்கும் இரண்டு கட்டங்கள். அடுத்த முறை சீட்டுகள் அச்சுக்குப் போகும் முன் இதைப் பரிசீலித்து, தங்கள் முடிவைப் பொதுவில் அறிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு நோயாளியின் மகள்