இடக்கை அந்தோணியின் பம்பரமும் பேரனின் பேபிளேடும்

பாம்பன்,
மே மாதம், ஞாயிறு மாலை.

அன்புள்ள ராமசாமிக்கு,

நலம், உன் வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று மறக்காமல் எழுது. இங்கே தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே கடைக்கு வலையும் கயிறும் வாங்க வருகிறவர்களைவிடப் பேச வருகிறவர்களே அதிகம். மகள் பிள்ளைகளோடு சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

சென்ற வாரம் போனில் என் பேரனின் பேபிளேடு என்னும் பொம்மைப் பம்பரங்களைப் பற்றிப் பேச்செடுத்த உடனே, "நாலணாக் கட்டையில் ஆடியவன் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குகிறாயா" என்று பொரிந்து தள்ளிவிட்டு, பட்டறைச் சத்தத்தோடு சத்தமாகப் போனை வைத்துவிட்டாய். கடைசல் பட்டறை வைத்திருக்கிறவன், அதிலும் நம் தெருப் பம்பரங்களுக்கெல்லாம் ஆணி இறக்கிக் கொடுத்தவன், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சின்ன வயதில் பம்பர ஆட்டத்தில் இடக்கை அந்தோணி நம் எல்லோரையும் ஏன் அப்படித் தோற்கடித்துக்கொண்டே இருந்தான் என்பதற்கு, இத்தனை காலம் கழித்து எனக்கு விடை கிடைத்திருக்கிறது. அதைப் போனில் சொன்னால் நீ முழுதாகக் கேட்கமாட்டாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பம்பரத்துக்கு மூன்று பாகங்கள். மேலே இருப்பது பிளேடு. மோதும் பகுதி அதுதான், பெரும்பாலும் உலோகம், எடையெல்லாம் விளிம்பில் இருக்கும்படி வார்த்திருக்கிறார்கள். நடுவில் ராட்செட் என்னும் இணைப்பு. அடியில், நம் ஆணி இருக்கும் இடத்தில், பிட் என்னும் முனை. மூன்றையும் கழற்றலாம், வேறொன்றின் பாகத்தோடு மாற்றிப் பூட்டலாம். பிள்ளைகளைப் பைத்தியமாக அடிப்பது இந்த மாற்றிப் பூட்டும் வேலைதான். பெட்டியின் மேல் 'டிரான் சோர்டு 3-60எஃப்' என்று போட்டிருந்தால், டிரான் சோர்டு என்பது பிளேடின் பெயர், 3 என்பது ராட்செட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்களின் எண்ணிக்கை, 60 என்பது அதன் உயரம், அதாவது 6 மில்லிமீட்டர், எஃப் என்பது தட்டை முனை. தட்டை முனை தரையை உரசி உரசி ஓரிடத்தில் நில்லாமல் ஓடித் தாக்கும். ஊசி முனை நடுவில் நின்றபடி வருகிற அடியைத் தாங்கும். ஆணியைக் கூராக்கினால் நின்று ஆடும், மழுக்கினால் சுற்றி ஓடும் என்று நீ எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே கணக்குதான் இது. உன் பாடத்தை அவர்கள் மில்லிமீட்டர் போட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்.

இவை ஆடுவது குழிவான ஒரு களத்தில். இப்போது வரும் எக்ஸ் வரிசையில், களத்தின் உள்விளிம்பை ஒட்டிப் பல் வெட்டிய ஒரு தடம் போகிறது. பம்பரத்தின் முனையிலும் அதற்கேற்ற பற்கள் உண்டு. இரண்டும் கவ்விக்கொண்ட நொடியில் பம்பரம் தடத்தில் ஏறிச் சீறி, எதிராளியின் விலாவில் போய் மோதுகிறது. மோதலின் சத்தம் கடைத் திண்ணைவரை கேட்கும். எதிராளியின் பம்பரம் முதலில் சுழற்சி ஓய்ந்து விழுந்தால் ஒரு புள்ளி, பாகம் பாகமாகச் சிதறினால் இரண்டு, களத்தின் ஓரப் பைக்குள் தள்ளப்பட்டால் இரண்டு, நடுவில் இருக்கும் எக்ஸ்ட்ரீம் பைக்குள் போனால் மூன்று. நான்கு புள்ளியை முதலில் எட்டியவனுக்கு வெற்றி. சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கும் அபீட்டுக்கும், ஆணியால் குத்தும் ஆக்கருக்கும் நாம் போட்ட சண்டைகளை நினைத்துப் பார்த்தால், இந்தத் தெளிவு நமக்கு அன்று இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

இதைக் கொண்டுவந்தது ஜப்பானில் தக்காரா என்னும் பொம்மை நிறுவனம், 1999இல். 2006இல் அது டோமியோடு இணைந்து தக்காரா டோமி ஆனது. 2008இல் உலோகச் சக்கரம் வைத்த வரிசை, 2015இல் அடிபட்டால் சிதறும் பர்ஸ்ட் வரிசை, 2023இல் இந்த எக்ஸ். நம் பிள்ளைகள் டிவியில் கார்ட்டூனாகப் பார்த்துவிட்டு நம்மை நச்சரித்தது முதல் வரிசைக் காலத்தில்தான். ஆனால் இதற்கு மூலம் தொழிற்சாலை இல்லை, ராமசாமி, கடற்கரை. ஜப்பானியப் பிள்ளைகள் பேகோமா என்று ஒரு சிறு பம்பரத்தைக் காலங்காலமாக ஆடி வந்திருக்கிறார்கள். முதலில் அதைச் செய்தது சங்கில்: ஓட்டுக்குள் மணலை அடைத்து, வாயை மெழுகால் மூடி, கூம்பு கீழே வரும்படி நூலைச் சுற்றி விடுவார்களாம். பிறகு அதையே உலோகத்தில் வார்த்தார்கள். வாளியின் வாயில் கெட்டித் துணியைக் குழிவாகக் கட்டி அதில் மோதவிடுவது வழக்கம். வெளியே தள்ளப்பட்டவன் தோற்றான், தோற்ற பம்பரம் ஜெயித்தவனுக்குச் சொந்தம். அந்தச் சங்கு பாபிலோனியா இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்தில் வேறு வகைகள் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. இழுவலையில் ஏறி வருமே, வெள்ளை ஓட்டில் பழுப்புப் புள்ளி போட்ட சிறு சங்கு, அதுதான். பேரனும் நானும் ஒன்றை எடுத்துக் கழுவிக் காயவைத்து, நம் கடற்கரை மணலையே அடைத்து, மெழுகுவத்தியை உருக்கி ஊற்றிச் செய்து பார்த்தோம். சற்று நேரம் தள்ளாடிச் சுற்றிவிட்டுத்தான் சாய்ந்தது. இருந்தாலும் அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இனி அந்தோணி. பேபிளேடுகளில் பெரும்பாலானவை வலச்சுற்று. சில மட்டும் இடச்சுற்று. பேரனிடம் கோபால்ட் டிராகூன் என்று ஒன்று இருக்கிறது, அது இடச்சுற்று. கயிற்றை இழுத்து அதைச் சுழற்றிவிடும் லாஞ்சர் என்னும் கருவிகூடத் தனி. இதை வைத்துக்கொண்டு அவன் மற்ற பம்பரங்களை வரிசையாகச் சாய்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இரண்டு பம்பரம் ஒரே திசையில் சுழன்றால், தொடும் இடத்தில் ஒன்றின் விளிம்பு வடக்கே ஓடும், மற்றதன் விளிம்பு தெற்கே ஓடும். ஆகவே வெட்டி வீசுகிற மாதிரி பலமான அடி விழுந்து இரண்டும் தெறிக்கும். எதிரெதிர்த் திசையில் சுழன்றாலோ, தொடும் இடத்தில் இரண்டு விளிம்பும் ஒரே பக்கம் ஓடும். அடி மட்டுப்படும், அதற்குப் பதிலாக வேகமாகச் சுழல்வது தன் சுழற்சியை மெதுவாகச் சுழல்வதற்குக் கொடுத்துவிடும். உரச உரச இரண்டின் வேகமும் சமமாகி வரும். அதன்பிறகு எது கனமும் அகலமும் உள்ளதோ, எதன் முனை தரையை அதிகம் உரசாதோ, அதுதான் கடைசிவரை நிற்கும்.

அந்தோணி சாட்டையைச் சுற்றிய வாக்கை நினைவுபடுத்திக்கொள். நாம் எல்லோரும் வலக்கைக்காரர்கள். நம் பம்பரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சுழன்றன. அவன் ஒருவனுடையது மட்டும் மறுபக்கம் சுழன்றது. அதுவும் புளியங்கட்டையில் கடைந்த, குட்டையான, தோள் அகன்ற பம்பரம். எல்லோரும் குத்தி முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியாக, அவசரமே இல்லாமல் விடுவான். நாம் முழு வலுவோடு சுழற்றிவிட்டவை ஒவ்வொன்றாக அவன் பம்பரத்தோடு உரசும்போதெல்லாம் நம் கைவலுவை அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தன. யார் பம்பரம் கடைசிவரை சுற்றுகிறது என்று பார்க்கும் ஓயாக்கட்டையில் அவனை யாராலும் வெல்ல முடியாமல் போனது மந்திரத்தால் அல்ல, நீ அன்று கூவியதுபோல் திருட்டு ஆணியாலும் அல்ல. அந்தத் திருட்டு ஆணிப் பழியை இப்போதாவது திரும்பப் பெற்றுக்கொள் என்று உன்னை உரிமையோடு கேட்கிறேன். ஏனென்றால் அவன் அதை மறக்கவில்லை.

அவனைப் பற்றி உனக்கு வேறு செய்தியும் சொல்லியாக வேண்டும். அவன் மகன் போன படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. பையன் திரும்பி வந்துவிட்டான். படகு வரவில்லை, கடன் மட்டும் நிற்கிறது. அதன்பிறகு அந்தோணி நம் கடைத் திண்ணையில் வந்து உட்கார்வான், யாரோடும் பேசமாட்டான். பேரன் டிராகூனை விட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் தலையை நிமிர்த்தி, "எதிர்ச்சுத்தால்ல சுத்துது" என்றான். எடுத்துக் கையில் வைத்து விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். மறுநாள் லாஞ்சரின் கயிறு அறுந்தபோது பேரன் அழ ஆரம்பித்தான். அந்தோணி அதைத் திருப்புளியால் பிரித்து, உள்ளே சுருண்டு கிடந்த சுருள்வில்லைத் துள்ளவிடாமல் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, வலை பொத்துகிற முறுக்கு நைலான் நூலை அளவாக வெட்டிக் கோத்து, முனையில் வலைமுடிச்சுப் போட்டு மூடிக் கொடுத்தான். பழைய கயிற்றைவிட நன்றாக இழுக்கிறது. இப்போது மாலையானால் அவனும் ஒரு போட்டியாளன். கரையில் சும்மா நிற்கும் அப்பன்மார் நாலைந்து பேரும் வந்து குந்திவிடுகிறார்கள். அறுபதைக் கடந்த ஒருவன் ஏழாம் வகுப்புப் பையனிடம் தோற்றுவிட்டு "இன்னொரு ஆட்டம்" என்று கேட்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

இதனால்தான் உன் பேரனைப் பற்றி நீ சொன்னது என்னைத் தொந்தரவு செய்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் பின்னால் விலை ஏறும் என்று அலமாரியில் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறான் என்றாய். அதை ஏதோ சிக்கனம்போலப் பெருமையாகவும் சொன்னாய். சேர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. எந்த ஆண்டு, எந்த வரிசை, எந்த நிறம் என்று பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கும் நுணுக்கம் என்னை வியக்க வைக்கிறது. ஆனால் மோதுவதற்கென்றே வார்த்த ஒன்றை ஒருமுறைகூடச் சுழலவிடாமல் வைத்திருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கையில் என்ன வரும்? உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் ரேண்டம் பூஸ்டர் பெட்டிகள் இன்னும் மோசம். வேண்டியது கிடைக்கும்வரை மறுபடி மறுபடி வாங்க வைப்பது சீட்டுக் குலுக்கல்தான், அதைப் பிள்ளைகளிடம் நடத்துவதை என்னால் ஒப்ப முடியவில்லை. நம் தெருப் பையன்களுக்கு அதற்கெல்லாம் வழியில்லை. அவர்கள் திருவிழாக் கடையில் போலியை வாங்கினார்கள். முதல் மோதலிலேயே ஒன்றின் வளையம் பிய்ந்து தெறித்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பையனின் புருவத்தைக் கிழித்தது. ஒரு விரல் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். அன்றிலிருந்து களத்துக்கு மேல் யாரும் முகத்தை நீட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆட்டம் முடியும்வரை நானே பக்கத்தில் நிற்கிறேன்.

எனவே உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். இருக்கும் களம் ஒன்றுதான், அது பேரனோடு சென்னைக்குப் போய்விடும். பையன்கள் அலுமினியத் தாம்பாளத்தில் ஆடிப் பார்த்தார்கள், அடித்தளம் தட்டையாக இருப்பதால் பம்பரங்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றுவிடுகின்றன. உன் பட்டறையில் பூவரசு இருந்தால் ஒரு முழ அகலத்துக்கு ஒரு களம் கடைந்து கொடு. அடிமரம் அவ்வளவு பருமனாகக் கிடைக்காவிட்டால் பலகைகளை ஒட்டிக் கடையலாம், அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடு ஆழம் இரண்டு விரற்கடை போதும். சரிவு எங்கும் ஒரே சீராக இருக்கட்டும். விளிம்பை நாலு விரல் உயர்த்தி, இரண்டு இடத்தில் மட்டும் பம்பரம் வெளியேற வெட்டு விடு. பல் தடத்தைப் பற்றிக் கவலைப்படாதே, மரத்தில் அது நிற்காது. முடிந்தால் கூடவே குட்டையாக, தோள் அகன்று, புளியங்கட்டையில் நாலைந்து பம்பரமும் கடைந்து வா. இரண்டு வகையும் ஒரே களத்தில் எப்படி ஆடுகின்றன என்று அந்தோணி பார்க்க ஆசைப்படுகிறான். கூலியை நான் தருவேன், நீ வாங்கமாட்டேன் என்று சண்டை போடக் கூடாது.

ஜூன் 14க்கு முன்னால் வந்துவிடு. அதன்பிறகு படகுகள் இறங்கிவிடும், மாலையில் ஆட ஆள் இருக்காது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து மதுரை ரயில் பழையபடி வருகிறது, ஆகவே மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும் என்ற சாக்கு இனி செல்லாது. பேரனையும் அழைத்து வா, அலமாரிச் சாவியோடு. எந்த ரயில் என்று மட்டும் முன்கூட்டியே சொல், ஸ்டேஷனுக்கு நானும் அந்தோணியும் வருகிறோம்.

அன்புடன்,
குமரேசன்