சிரிக்க வைப்பவரின் வலியையும் தொடர்கள் நினைவில் வைக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களில் நகைச்சுவைக்கென்றே படைக்கப்படும் பாத்திரங்களின் மனக்காயம் கையாளப்படும் விதம் நெடுநாளாக என்னை வருத்தி வருகிறது.

கதாநாயகன் சிறுவயதில் தந்தையிடம் அடிபட்டு வளர்ந்தவன் என்றால், அவனுடைய கோபம், காதல், தயக்கம் எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாகி, கதை முழுவதும் அதைச் சுற்றியே நகர்கிறது. அதே அடியைப் பட்டு வளர்ந்த அவனுடைய நண்பனுக்கோ அது ஒரு வசனம் மட்டுமே. "எங்கப்பா பெல்ட்டைக் கழட்டினா நான் ஓட்டப்பந்தயத்துல முதல் பரிசு வாங்குவேன்" என்று அவன் சொல்கிறான். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த காட்சி தொடங்கிவிடுகிறது. எப்போதாவது ஓர் எபிசோடில் அவனும் உடைந்து அழுவான். நடிகருக்குப் பாராட்டுக் குவியும். ஆனால் அடுத்த வாரம் அந்த அழுகை அவனுக்கும் நினைவிருக்காது, அவனைத் தேற்றியவர்களுக்கும் நினைவிருக்காது.

அறிகுறிகளையே வேடிக்கையாக்குவது இதைவிடக் கொடுமை. சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு நடுங்குவது, பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் மருத்துவர்கள் கவனிக்கும் முக்கியமான அறிகுறி. பட்டாசுச் சத்தம் கேட்டுக் கதாநாயகனின் கை நடுங்கினால் பின்னணி இசை நின்றுவிடும். அதே சத்தத்துக்கு நகைச்சுவைப் பாத்திரம் மேசைக்கடியில் புகுந்தால் சிரிப்பொலி சேர்க்கப்படும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட கையேட்டில்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு தனி நோயாக முதன்முதலில் இடம்பெற்றது. இன்றைய வரையறைப்படி, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயரே பொருந்தும். இதைத்தான் தொடர்கள் ஒரே எபிசோடில் தொடங்கி முடித்து வைக்கின்றன.

கதாசிரியர்களுக்கு உள்ள சிக்கல் புரியாமல் நான் இதை எழுதவில்லை. கனமான காட்சிக்குப் பிறகு பார்வையாளருக்கு மூச்சுவிட இடம் தரவே அந்தப் பாத்திரம் இருக்கிறது. அதோடு, பல கைகள் சேர்ந்து எழுதும் நீண்ட தொடரில், துணைப் பாத்திரத்துக்கு முன்பு நடந்ததை யாரும் குறித்து வைப்பதில்லை.

இருந்தும் இது முடியாத காரியமல்ல. கொரியப் போரின் கள மருத்துவமனை ஒன்றைக் களமாகக் கொண்டு 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான 'மேஷ்' என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்ளலாம். சிரிப்பொலி சேர்க்க வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியபோதும், அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் அது கூடாது என்பதில் தயாரிப்பாளர்கள் உறுதியாக நின்றார்கள். அதில் ஓயாமல் கிண்டலடிக்கும் ஹாக்ஐ என்ற மருத்துவர், இறுதி எபிசோடில் மனநல மருத்துவமனையில் இருக்கிறார். எதிரிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, பேருந்தில் ஒரு பெண் தன் கோழியின் சத்தத்தை அடக்க அதைக் கொன்றுவிட்டதாக அவர் சொல்கிறார். கொல்லப்பட்டது கோழியல்ல, அந்தப் பெண்ணின் கைக்குழந்தை என்பது பிறகுதான் அவர் நினைவுக்கு வருகிறது. அவர் தொடரின் மையப் பாத்திரம் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய கேலிப் பேச்சுக்கும் அந்த நினைவுக்கும் இடையே தொடர் காட்டிய நேர்மையை எந்தத் துணைப் பாத்திரத்துக்கும் காட்டலாம்.

நகைச்சுவைப் பாத்திரங்களை அழ வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களின் கிண்டலை நிறுத்தவும் சொல்லவில்லை. பெருந்துயரைத் தாங்கியவர்களில் பலர் உண்மையிலேயே சிரித்துப் பேசித்தான் நாளைக் கடத்துகிறார்கள். உளவியலும் நகைச்சுவையை, வலியிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் முதிர்ந்த வழிகளில் ஒன்றாகவே கருதுகிறது. நான் கேட்பது சுற்றியிருப்பவர்களின் நினைவாற்றலை. அழுத வாரத்துக்கு அடுத்த வாரம் அவன் மறுபடியும் அந்த பெல்ட் வசனத்தைச் சொல்லும்போது, கூட்டத்தில் ஒருவராவது சிரிக்காமல் அவனைத் திரும்பிப் பார்க்கட்டும். அதற்குத் தனிக் காட்சி தேவையில்லை, கதையும் திசை மாறாது. வீட்டில் அதே வசனத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் பார்வையாளர் ஒருவருக்கு, தன்னையும் ஒருவர் கவனிக்கக்கூடும் என்று தோன்ற அது இடம் தரும்.

தங்கள் நாளிதழின் தொடர் விமர்சனங்களில், நகைச்சுவை நடிகரின் நடிப்பைப் பாராட்டுவதோடு, அவர் பாத்திரத்துக்கு நேர்ந்தது அடுத்த வாரங்களில் என்னவாயிற்று என்பதையும் எழுதும்படி விமர்சகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்